ஈசான்ய மூலையில் ஒரு கோழி வீடு

கார்த்தி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ புனேயிலிருந்து போன் செய்தபோது நான் உன்னிடம் பொய் சொன்னேன். "ஏம்பா, உன் குரல் இப்படி எதிரொலிக்குது?" என்று கேட்டாய். ஹாலில் இருக்கிறேன், ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கிறது என்றேன். "கோழி சத்தம் கேக்குதே?" என்றாய். டிவி என்றேன். அதற்குப் பிறகுதான் நீ விஷயத்துக்கு வந்தாய். காவ்யாவுக்கும் உனக்கும் எதிலுமே ஒத்துப்போகவில்லை, கல்யாணத்தை நிறுத்திவிடலாமா என்று இருக்கிறது என்றாய். "நீயும் அம்மாவும் எவ்ளோ ஒத்துமையா இருக்கீங்க. நாங்க ஒரு சோபா வாங்கறதுக்கே ஒரு வாரம் சண்டை போடறோம்பா" என்றாய். சார்ஜ் இல்லை, அப்புறம் பேசுகிறேன் என்று நான் போனை வைத்துவிட்டேன். சார்ஜும் இருந்தது. உண்மை என்னவென்றால், அந்த நேரத்தில் நானும் உன் அம்மாவும் வீட்டுப் பின்பக்கத்துத் தகர ஷெட்டுக்குள் கோழிகளோடு மாட்டிக்கொண்டிருந்தோம். வியாழக்கிழமையிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. நான் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன் என்பது உனக்குத் தெரியும். எங்கள் ஒற்றுமையைப் பற்றி நீ சொன்னதை உன் அம்மாவும் கேட்டாள், கோழிகளும் கேட்டன.

போனில் இதற்குப் பதில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், கடைசியில் இருவரும் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். வாட்ஸ்அப்பில் அடிக்கலாம் என்றால் என் கட்டை விரல் ஒரே நேரத்தில் மூன்று எழுத்தை அமுக்குகிறது. அதனால் கையாலேயே எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். எழுத்து புரியவில்லை என்றால் பெரிதாக்கிப் பார். பாதியில் நிறுத்திவிடாதே, விஷயம் கடைசியில்தான் இருக்கிறது.

மாசி மாதம் நீ ஆன்லைனில் ஆர்டர் போட்டு அனுப்பினாயே, 'ரிட்டயர் ஆயிட்ட, இனிமே உன் டூல்ஸெல்லாம் கட்டிலுக்கு அடியில கெடக்க வேணாம்பா' என்று சொல்லி, அந்த ஷெட் அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கியது. தகடுகள், சட்டங்கள், பை பையாகத் திருகுகள், அப்புறம் எதை எங்கே மாட்டுவது என்று படம் போட்ட ஒரு புத்தகம். அந்தப் புத்தகத்தை நான் பிரிக்கவே இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வாழ்நாளெல்லாம் டிராயிங் பார்த்து மிஷினையே பூட்டியவன், ஒரு தகரக் கொட்டகைக்குப் படம் பார்ப்பதா என்ற திமிர்தான். உன் அம்மா அந்தப் புத்தகத்தை மடித்து, கிரைண்டர் ஆடாமல் இருக்க அதன் அடியில் முட்டுக் கொடுத்துவிட்டாள். இரண்டு நாள் வெயிலில் நின்று நானே தனியாக மாட்டி முடித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு கைப்பிடி அளவுக்குத் திருகுகள் மட்டும் மிச்சம் இருந்தன. "இது இன்னாத்துக்கு?" என்று உன் அம்மா கேட்டாள். ஸ்பேர், கம்பெனிக்காரன் எப்போதும் கூடுதலாகத்தான் போடுவான் என்றேன். கதவின் மேல் கீலுக்கு உரிய திருகுகள் அவை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை.

உன் அம்மா ஷெட்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னாய்யா பண்ணி வச்சிக்கீற? ஈசான்ய மூலையில எவனாவது பாரம் ஏத்துவானா? பையன் கல்யாணம் வர்ற நேரத்துல!" நம் வீட்டில் அந்த வடகிழக்கு மூலை ஒன்றில்தான் சிமென்ட் தளம் இருக்கிறது, அதனால் அங்கே போல்ட் அடித்து நிறுத்தினேன். அது அவளுக்குக் காரணமாகவே படவில்லை. நம் மேனாம்பேட்டில் அவளுக்குத் தெரிந்த எல்லாரிடமும் விசாரித்தாள். ஷெட் நிற்கலாம், ஆனால் உள்ளே கனமாக எதுவும் இருக்கக் கூடாது, எதற்கும் ஒரு பூஜை போட்டுவிட்டால் நல்லது என்று தீர்ப்பு வந்தது. ஆக, டூல்ஸ் வைப்பதற்காக நீ வாங்கிக் கொடுத்த ஷெட்டில் டூல்ஸ் வைக்கக் கூடாது. அவை இன்றைக்கும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கின்றன. இதை உன்னிடம் சொல்ல வேண்டாம், பையன் மனசு கஷ்டப்படும் என்பதில் மட்டும் நாங்கள் இருவரும் ஒரே கட்சி.

பூஜை என்றால் ஏதோ சூடம் காட்டி ஒரு எலுமிச்சம்பழம் வைப்பாள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் ஷெட் வாசலில் கோலம், தகரக் கதவில் மாவிலை, உள்ளே செங்கல் அடுக்கிப் பால் காய்ச்சுகிறாள். கதவும் கூரையும் இருந்தால் அது வீடுதானாம், வீடென்றால் பால் பொங்க வேண்டுமாம். பால் பொங்கியதோ இல்லையோ, புகை பொங்கியது. தெருவில் இருப்பவர்கள் மாவிலையைப் பார்த்துவிட்டு, நம் வீட்டில் புதிதாக ஏதோ கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக் கையில் பரிசோடு வந்துவிட்டார்கள். ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு சாமி படம், வண்ணத்தாள் சுற்றிய ஓர் எவர்சில்வர் பாத்திரம். வந்தவர்களுக்கு இது சாமான் போட்டு வைக்கிற ஷெட் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "பையன் கல்யாணத்துக்கு மின்னாடி ஒரு சின்ன ரூமு" என்று உன் அம்மா சமாளித்தாள். ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பையனை இதிலா குடி வைக்கப் போகிறீர்கள் என்று கவலையோடு கேட்டார்.

சென்னீர்குப்பத்திலிருந்து உன் மாமா வந்தார். அக்கா வீட்டில் விசேஷம் என்று தெரிந்ததும் தம்பி வெறும் கையோடு வருவாரா? வேட்டி, சேலை, பழத்தட்டு, கூடவே ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கென்று கால் கட்டிய நாட்டுக்கோழிகள், ஒரு சேவல். வெள்ளிக்கிழமை வீட்டில் கறி கிடையாது. சனிக்கிழமை உன் அம்மாவுக்குப் பெருமாள். அதுவரை கோழிகளை எங்கே விடுவது என்று கேட்டதற்கு, "ஷெட்டுல வுடு, கோழி இன்னா எடையா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தியைத் தீட்டிக்கொண்டு உன் மாமா ஷெட்டைத் திறந்தால், பால் காய்ச்சிய செங்கல் நடுவில் ஒரு கோழி முட்டை போட்டு வைத்திருக்கிறது. உன் அம்மா முந்தானையில் முட்டையை வாங்கிக்கொண்டு வாசலை மறித்து நின்றுவிட்டாள். "புது ஊட்டுல வந்து மொத மொத முட்டை வச்சிக்கீது, அத்தப் போயி அறுக்கறேன்றியே, நீயெல்லாம் மனுசனா?" உன் மாமா அன்றைக்குச் சாம்பார் சாப்பிட்டுவிட்டுப் போனார். இன்றைக்கும் அந்த வருத்தம் அவருக்கு உண்டு. நம் ஷெட் கோழி வீடான கதை இதுதான். அந்தச் சுவர்க் கடிகாரமும் அங்கேதான் மாட்டியிருக்கிறது, கோழிகள் அதை மதிப்பதில்லை.

நீ வீட்டில் இருந்தவரை, எங்களுக்குள் சண்டை வந்தால் உன் மூலமாகத்தானே பேசிக்கொள்வோம். 'உங்கப்பாவைச் சாப்பிடச் சொல்லு', 'உங்கம்மாவை உப்பு கொண்டு வரச் சொல்லு' என்று நீ நடுவில் நின்று தபால் வேலை பார்ப்பாய். நீ புனே போனதும் அந்த வசதி போய்விட்டது. கொஞ்ச நாள் சிரமப்பட்டோம். கோழிகள் வந்ததும் மறுபடி வசதி வந்துவிட்டது. சேவலுக்கு உன் அம்மா சூப்பர்வைசர் என்று பேர் வைத்திருக்கிறாள். எந்த வேலையும் செய்யாமல், மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்து, மற்றவர்களை மட்டும் அதட்டுகிறதாம். நான் என்ன வேலையில் இருந்து ரிட்டயர் ஆனேன் என்பது உனக்குத் தெரியும். பின்வாசலில் நின்றுகொண்டு, "சூப்பர்வைசரு, சோறு ஆறிப் போவுது, துன்றவங்க வந்து துன்னலாம்னு சொல்லு" என்று குரல் கொடுப்பாள். நானும் ஒரு கோழியைப் பார்த்து, "ரசத்துல புளி ஜாஸ்தின்னு சொல்லு" என்பேன். பக்கத்து வீட்டு முனுசாமி, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறானே, அவன் மதில்மேல் தலையை வைத்துக்கொண்டு இதையெல்லாம் டிவி சீரியல் மாதிரி பார்க்கிறான்.

சித்திரை வெயிலில்தான் நிஜமான சண்டை வந்தது. தகரம் அடுப்பாகிவிட்டது. கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு இளைத்தன, உள்ளே போக மாட்டேன் என்று என் ஸ்கூட்டர் மேலேயே குடியேறின. காற்று வேண்டும் என்றாள் உன் அம்மா. நான் அளவெடுத்து, பென்சிலால் கோடு போட்டு, ட்ரில்லால் வரிசையாக ஓட்டை போட்டேன். ஒன்றுகூட வரிசை தப்பவில்லை. அவள் ஒரு ஓட்டையில் சுண்டு விரலை விட்டுப் பார்த்தாள், விரல் போகவில்லை. "இதுல காத்து வராதுய்யா, எறும்பு வேணா வரும். பெருசா ஒரு ஜன்னலு வெட்டு" என்றாள். தகட்டை வெட்டினால் வாரண்டி போய்விடும் என்றேன். "கோழி போனா வாரண்டி குடுப்பானா?" என்றாள். அன்றைக்கு மதியம் நான் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிய நேரத்தில், கட்டிலுக்கு அடியிலிருந்து தகரம் வெட்டும் கத்திரியை எடுத்துப் போய் அவளே ஒரு ஜன்னல் வெட்டிவிட்டாள். வளைந்து நெளிந்து இந்தியா மேப் மாதிரி இருந்தது. நான் போட்ட கூச்சலில் தெருவே வந்துவிட்டது. ஆனால் கோழிகள் அன்று சாயங்காலமே தாமாக உள்ளே போய்ப் படுத்துக்கொண்டன. வெட்டிய விளிம்பு பிளேடு மாதிரி இருந்தது. தினமும் அதை உரசிக்கொண்டு போய்த்தான் அவள் தண்ணீர்க் கிண்ணத்தை எடுப்பாள். அதனால் மறுநாள் அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது அரம் எடுத்து விளிம்பு முழுக்க வழவழவென்று தேய்த்துவிட்டேன், பூனை நுழையாமல் கம்பி வலையும் வைத்து ரிவெட் அடித்தேன். அவள் வந்து விரலால் தடவிப் பார்த்தாள். ராத்திரி ரசத்தில் புளி குறைவாக இருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஷெட் கதவு தொங்கி, காற்றடித்தால் தானாகச் சாத்திக்கொள்கிறது, வெளிக்கொண்டி தானாக விழுந்துவிடுகிறது என்று அவள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தத் திருகுகளை எடுத்துப் போட்டால் கால் மணி நேர வேலை. போட்டால், முதலிலேயே போடாமல் விட்டேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே! அதனால் தகரம் வெயிலில் விரிந்திருக்கிறது, தானாகச் சரியாகிவிடும் என்றேன். அதில் வந்ததுதான் வியாழக்கிழமைச் சண்டை. ஞாயிறு சாயங்காலம் திடீரென்று இருட்டிக்கொண்டு ஆடி மாதத்து மழை பிடித்தது. குஞ்சு பொரித்த கோழி ஒன்று முருங்கை மரத்தடியில் குஞ்சுகளோடு நின்றது. பேச்சுவார்த்தை இல்லாததால், அவள் போக மாட்டாள் என்று நினைத்து நான் முன்வாசல் வழியாகக் குடையோடு ஓடினேன், நான் போக மாட்டேன் என்று நினைத்து அவள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடி வந்தாள். குஞ்சுகளை அள்ளிக்கொண்டு இருவரும் ஒன்றாக ஷெட்டுக்குள் நுழைந்தோம். காற்று ஒரு அடி அடித்தது. கதவு சாத்திக்கொண்டது. கொண்டி விழுந்த சத்தம் துல்லியமாகக் கேட்டது.

உன் அம்மா கதவைப் பார்த்தாள், மேல் கீலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் அவள் வாய் திறந்து திட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கொண்டியைத் தூக்கலாம் என்று பார்த்தால், என் கம்பி வலை. நான் அடித்த ரிவெட், அசையுமா? அப்போதுதான் உன் போன் வந்தது.

போனை வைத்ததும், மூன்று நாளில் முதல் தடவையாக, உன் அம்மா நேராக என்னைப் பார்த்தே பேசினாள்.

"நாம ஒத்துமையா கீறோம்னு இவனாண்ட யார்யா சொன்னது?"

"நான் சொல்லல."

"நான் அப்பவே சொன்னேன், ஈசான்ய மூலை வேணாம்னு. பாரு, கல்யாணத்துலயே கை வச்சிட்சி."

"கோழி எடை இல்லைன்னு நீதானே சொன்ன?"

"கோழி எடை இல்லய்யா. நீ எடை. உன்னை யாரு உள்ள வரச் சொன்னது?"

கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்துகொண்டாள். மடியில் குஞ்சுகள். அவற்றைத் தடவிக்கொண்டே, "ஒண்ணு கேக்கறேன், நெஞ்சத் தொட்டுச் சொல்லு. என்னைக் கட்டிகினது தப்புன்னு உனக்கு எப்பவாச்சும் தோணிக்குதா?" என்றாள். அந்த இடத்தில் பொய் சொல்லி எங்கே ஓடுவது? "தோணிக்குது. வியாழக்கெழமகூட தோணிச்சி" என்றேன். "எனக்கு இப்பக்கூட தோணிகினுதான் கீது" என்றாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சூப்பர்வைசர் பயந்துபோய் என் தோள்மேல் ஏறிவிட்டது. அப்படிச் சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அழ ஆரம்பித்தாள். "இவன் இன்னாய்யா பண்ணப் போறான்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது கார்த்தி. எங்களைப் பார்த்து நீ தப்பாக ஏதோ கற்றுக்கொண்டுவிட்டாயோ என்ற பயம்.

முனுசாமிதான் மழை விட்டதும் வந்து கொண்டியைத் தூக்கினான். "இன்னா அண்ணாத்தே, ரெண்டு பேரும் உள்ள இன்னா பண்ணிகினு கீறீங்க?" மழைக்கு ஒதுங்கினோம் என்றேன். "ஊடு பக்கத்துலயே கீதே!" என்றான். பிறகு கதவை ஆட்டிப் பார்த்துவிட்டு, "மேல் கீலுக்கு ஸ்க்ரூவே இல்லியே, எந்தக் கபோதி மாட்டினான் இத்த?" என்று கேட்டான். நான் தரையைப் பார்த்தேன். உன் அம்மா சட்டென்று, "கம்பெனி ஆளுங்க வந்து மாட்டினாங்கப்பா. இவரு அப்பவே சொன்னாரு, கேக்காம பூட்டானுங்க" என்றாள். மூன்று நாளாக என்னோடு பேசாதவள், கண்ணில் இன்னும் ஈரம் காயாதவள், ஊர்க்காரன் முன்னால் என்னை ஒரு நொடிகூட விட்டுக்கொடுக்கவில்லை. அவன் போனதும், "இப்பவாச்சும் போயி ஸ்க்ரூவப் போடுய்யா" என்றாள். போட்டுவிட்டேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

நீ பார்த்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் முன்னால் நாங்கள் இருப்பதைப் பார்த்துவிட்டு ஒற்றுமை என்று பேர் வைத்துவிட்டாய். எங்களுக்குள் ஒத்துப்போன விஷயம் என்று யோசித்துப் பார்த்தால், நீ பிறந்தது நல்லது என்பது ஒன்றுதான் சட்டென்று ஞாபகம் வருகிறது. நீயும் காவ்யாவும் ஒரு சோபாவுக்காக ஒரு வாரம் சண்டை போட்டீர்கள் என்றால், அந்த ஒரு வாரமும் இரண்டு பேரும் அதே சோபாவில் சேர்ந்து உட்காரப் போவதாக நினைத்துத்தானே சண்டை போட்டிருக்கிறீர்கள்? வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் 'உன் இஷ்டம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அதற்காக, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு கட்டிக்கொள் என்று நான் சொல்லவில்லை. அவள் உன்னை மதிக்கவில்லையா, அவளோடு இருக்கும்போது உனக்கு மூச்சு முட்டுகிறதா, அவளுக்கு அடிபட்டால் உனக்கு வலிக்காது என்று தோன்றுகிறதா, அப்படி ஏதாவது இருந்தால் நிறுத்திவிடு. பத்திரிகை அடித்தாயிற்றே, மண்டபம் பேசியாயிற்றே என்று பார்க்காதே. நானே சட்டையை மாட்டிக்கொண்டு வெள்ளானூர் போய் அவள் அப்பாவிடம் சொல்கிறேன். அவர் என்ன திட்டினாலும் தலை குனிந்து வாங்கிக்கொள்கிறேன். உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உன்மேல் கோபம். திங்கட்கிழமை காலையில் காவ்யா உன் அம்மாவுக்குப் போன் செய்தாள். முகூர்த்தப் புடவைக்கு இரண்டு நிறம் எடுத்து வைத்திருக்கிறாளாம். "அத்தை, உங்களுக்கு எது புடிச்சிருக்குன்னு சொல்லுங்க, அதையே கட்டிக்கறேன்" என்கிறாள். அவளுக்கு எதுவுமே தெரியாது. எங்களிடம் சொல்லத் துணிந்த நீ அவளிடம் இன்னும் சொல்லவில்லை. உன் அம்மா போனை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். "மாமா, நல்லா இருக்கீங்களா? அத்தைக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று அந்தப் பெண் கேட்டது. ஜலதோஷம் என்றேன். அதற்கு மாத்திரை பேரெல்லாம் சொல்லி, வெந்நீர் குடிக்கச் சொல்லிவிட்டு வைத்தது. உன்னிடம் சொன்ன பொய்யெல்லாம் எனக்கு வலிக்கவில்லை. இது வலிக்கிறது. இன்னொரு தரம் அந்தப் பெண் போன் செய்தால் என்னால் பொய் சொல்ல முடியாது.

அவளிடம் சொல்லும்வரை எங்களைக் கூப்பிடாதே. கூப்பிட்டாலும் நான் எடுக்க மாட்டேன். உன் அம்மாவையும் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், அவள் கேட்க மாட்டாள், அது வேறு. நீ எதை முடிவு செய்தாலும் அதை முதலில் கேட்க வேண்டியவள் காவ்யா. இதைப் படித்து முடித்ததும் அவளைக் கூப்பிடு. பயமாக இருக்கிறது என்றால் பயமாக இருக்கிறது என்றே சொல். அவள் கத்தினால் கத்தட்டும். அழுதால் போனை வைத்துவிடாதே.

அப்பா